ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை: போலீஸ் சங்கத்தோடு ஒரு நகரம் எப்படிப் பேரம் பேசலாம்?

2017 டிசம்பர் 13. டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் நகர மன்றக் கூட்டம் இரவு வெகுநேரம் நீண்டது. ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். விவகாரம் இதுதான்: நகர நிர்வாகமும் ஆஸ்டின் போலீஸ் சங்கமும் மாதக்கணக்கில் பேசி ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை முடித்திருந்தன. நகரத்துக்குக் கூடுதல் செலவு சுமார் 8.25 கோடி டாலர். மன்றம் கையைத் தூக்கினால் வேலை முடிந்தது. அன்றிரவு மன்றம் கையைத் தூக்கத்தான் செய்தது, ஆனால் வேறொன்றுக்காக. 'இது வேண்டாம், திரும்பப் போய்ப் பேசுங்கள்' என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அந்த மாத இறுதியிலேயே பழைய ஒப்பந்தம் காலாவதியானது.

போலீசுக்குச் சங்கமா என்று நம்மூர் வாசகர் முதலில் கேட்பார். இந்தியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அதனால் நமக்கு இது வேற்றுக்கிரகச் செய்தி மாதிரிதான். அமெரிக்காவிலும் போலீஸ் வேலைநிறுத்தம் செய்வது பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம். 1919இல் பாஸ்டன் நகரப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அந்த வேலையையே இழந்தார்கள். அதிலிருந்து ஒரு தலைமுறைக்குப் போலீஸ் சங்கம் என்ற பேச்சே அங்கே அடங்கிக் கிடந்தது. பிறகு 1960களிலும் 70களிலும் மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன: வேலைநிறுத்தம் கூடாது, ஆனால் உட்கார்ந்து பேசலாம் என்று. நம் ஊர்ப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் போடுவது போலவே அங்கே போலீசும் நகரத்தோடு ஒப்பந்தம் போடுகிறது.

நான் ஒரு தொழிற்சாலைச் சங்கத்தில் சில ஆண்டுகள் துணைச் செயலாளராக இருந்தவன். தொழில் தகராறுச் சட்டப்படி 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று ராத்திரி பகலாகப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து டீ குடித்தே வயிறு கெட்டவர்களில் ஒருவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். மேசையில் யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்பது முக்கியமே இல்லை. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை என்ன நடக்கும், யாருக்கு முதலில் வலிக்கும், அதுதான் பேரத்தை முடிவு செய்யும். பழைய சம்பளமே ஓடும், அரியர் பிறகு வரும் என்று இருந்தால் தொழிலாளி பொறுப்பான். பழையதும் போய்விடும் என்றால் பொறுக்க மாட்டான். அமெரிக்க நகரங்களின் போலீஸ் ஒப்பந்தங்களைப் படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டதும் இந்த மறுநாள் காலைதான். ஊருக்கு ஊர் அது மாறுகிறது. ஒரு நகர மன்ற உறுப்பினருக்கு முன்னால் இருக்கும் வழிகளை அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

முதலில், மேசையில் விற்கப்படும் சரக்கு என்ன?

சம்பளம் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. டெக்சஸில் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 143ஆம் அத்தியாயம் போலீஸ்காரருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஒழுங்கு நடவடிக்கையாக ஒருவரைத் தலைமை அதிகாரி அதிகபட்சம் 15 நாள் சஸ்பெண்ட் செய்யலாம். அதைத் தாண்டினால், அந்த அதிகாரியே நீண்ட சஸ்பென்ஷனுக்கு ஒப்புக்கொண்டால் தவிர, வேலை நீக்கம்தான். தண்டிக்கப்பட்டவர் வெளி நடுவரிடம் முறையிடலாம், அந்த நடுவர் சொல்வதே முடிவு. பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு. அப்புறம், பெயர் பெற்ற 180 நாள் விதி: சம்பவம் நடந்து 180 நாளைக்குள் தண்டனை கொடுக்காவிட்டால், குற்ற வழக்கு சார்ந்த தவறுகள் தவிர மற்றவற்றுக்கு, நடவடிக்கை எடுக்கவே முடியாது.

இந்தப் பாதுகாப்புகளை நகர மன்றம் தன் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. மாநிலச் சட்டம். ஆனால் சங்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் அந்தச் சட்டத்துக்கும் மேலே நிற்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. இதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. மாநிலம் இலவசமாகக் கொடுத்த பாதுகாப்பைச் சங்கம் மேசையில் வைத்து விற்கிறது. நகரம் சம்பள உயர்வு கொடுத்து அதை வாங்குகிறது. சங்கத்தை நான் குறை சொல்லவில்லை. எந்தச் சங்கத் தலைவனும் செய்கிற வேலைதான். கையில் இருக்கும் சரக்கைச் சும்மா கொடுப்பவனை அடுத்த தேர்தலில் உறுப்பினர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த 180 நாள் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்டினிலேயே உதாரணம் உண்டு. 2015 ஜூனில் வேகமாக வண்டி ஓட்டினார் என்று ஒரு ஆசிரியையை நிறுத்திய அதிகாரி, அவரைக் காரிலிருந்து இழுத்துத் தரையில் வீசினார். வீடியோ வெளியே வந்தது 2016 ஜூலையில். அதற்குள் கெடு முடிந்துபோயிருந்தது. வீடியோவைப் பார்த்துத் தலைமை அதிகாரியே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த அதிகாரிக்குப் புதிதாகத் தண்டனை கொடுக்க அவருக்கு வழியில்லை. 2017 டிசம்பர் இரவில் மைக்கில் பேசியவர்களின் மனதில் இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் இருந்தன. அவர்களில் சிலர் அதுவரை நடந்த பேச்சுவார்த்தைகளில் பார்வையாளர்களாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஷரத்தையும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நகரம் இவ்வளவு காசு கொடுத்து என்ன வாங்குகிறது என்பதே அவர்களின் கேள்வி.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

மிகச் சுலபமான வழி, மேசைக்கு வந்ததை ஒப்புக்கொள்வது. இதைக் கோழைத்தனம் என்று எழுதுவது எளிது. சியாட்டில் மன்றம் 2018 நவம்பரில் 8-1 என்று போலீஸ் ஒப்பந்தத்தை ஏற்றபோது, அந்தப் போலீஸ்காரர்கள் 2014 இறுதியிலிருந்து புதிய ஒப்பந்தம் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷம் சம்பளம் உயராத ஆளைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் பொறு' என்று சொல்வது மன்ற உறுப்பினருக்கும் கஷ்டம்தான். ஆனால் விலை என்ன ஆனது தெரியுமா? 2017இல்தான் அதே மன்றம் போலீஸ் பொறுப்புடைமைக்கு ஒரு நகரச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. ஒப்பந்தம் வந்து அதன் பல பற்களைப் பிடுங்கியது. சியாட்டில் போலீஸ் 2012 முதல் மத்திய நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. 2019இல் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட், பொறுப்புடைமை விஷயத்தில் நகரம் நிபந்தனைகளிலிருந்து வழுவிவிட்டது என்று தீர்மானித்தார். ஒரு கையால் சட்டம் போட்டு மறு கையால் ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்த கதை. சட்டம் போடும்போதே, இது சங்கத்தோடு பேசித்தான் அமலாகும் என்பதை யாராவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி ஆஸ்டின் 2017இல் செய்தது: திருப்பி அனுப்பு, ஒப்பந்தம் இல்லாமல் இரு. இதில் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் இங்கேதான் மறுநாள் காலையின் வேலை தெளிவாகத் தெரிகிறது. ஒப்பந்தம் போனதும் ஆஸ்டின் நேராக 143ஆம் அத்தியாயத்தில் போய் விழுந்தது. அடிப்படைச் சம்பளம் போகவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தால் வந்த படிகளும் சலுகைகளும் ஆட்டம் கண்டன. சங்கத்துக்கு அங்கே வலித்தது. நகரத்துக்கும் வலித்தது: ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் தலைமை அதிகாரிக்கு இருந்த சுதந்திரம் போய், பழைய மாநில விதிகளே திரும்ப வந்தன. போலீஸ் மீதான புகார்களைக் கவனிக்க ஒப்பந்தத்தின் பேரில் இயங்கிய கண்காணிப்பு அலுவலகத்தின் கையும் கட்டப்பட்டது. சீர்திருத்தம் கேட்டவர்களுக்கே இது பின்னடைவு என்று அப்போது பலர் சொன்னார்கள். தற்காலிகமாக அது உண்மையும்கூட.

ஆனால் வலி இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் மேசைக்குத் திரும்ப இரண்டு பேருக்கும் காரணம் இருக்கும். 2018 நவம்பரில் புதிய ஒப்பந்தம் வந்தது. நான்கு ஆண்டு, சுமார் 4.46 கோடி டாலர். பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க வழி வந்தது, போலீஸ் மேற்பார்வை அலுவலகம் என்று புதிய அமைப்பு வந்தது, 180 நாள் விதியின் பிடியும் ஓரளவு தளர்ந்தது. ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் முன்பு நிராகரித்ததைவிடக் குறைந்த செலவு, அதிகச் சரக்கு. முன்பு எதிர்த்தவர்களும் இந்த முறை ஆதரித்தார்கள். பதினோரு மாதம் பொறுத்ததற்குக் கிடைத்த கூலி என்றே சொல்லலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லா நகரமும் இப்படித் திருப்பி அனுப்பலாமே என்று தோன்றும். முடியாது. ஆஸ்டினிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் சான் அன்டோனியோ இருக்கிறது. அதே மாநிலம்தான், ஆனால் அங்கே போலீசுக்கு 174ஆம் அத்தியாயத்தின் கீழ் முழுமையான கூட்டுப் பேர உரிமை உண்டு. அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: காலாவதியானாலும் பழைய விதிகள் 10 ஆண்டு வரை தொடரும். பசுமை மாறாத ஷரத்து என்று அங்கே அதற்குப் பெயர். 2014 செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்தது; மறுநாள் காலை சங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போக, அந்தச் சுமையைக் குறைக்க நகரம் துடித்தது, சங்கம் துடிக்கவில்லை. நகரம் அந்த ஷரத்தே செல்லாது என்று வழக்குப் போட்டுப் பார்த்தது. இரண்டு வருஷ இழுபறிக்குப் பிறகு 2016இல் ஒப்பந்தம் ஆனது, ஷரத்தின் காலம் 10 ஆண்டிலிருந்து 8 ஆண்டாகக் குறைந்தது. அவ்வளவுதான். இங்கே ஒரு மன்ற உறுப்பினர் எழுந்து 'திருப்பி அனுப்புவோம்' என்று வீரம் பேசினால் சங்கத்துக்காரர் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போவார்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தூங்கும் இந்த மாதிரி ஷரத்துகளை யாரும் படிப்பதில்லை. சம்பள சதவீதத்தைத்தான் பத்திரிகை தலைப்பில் போடும். நான் இருந்த சங்கத்திலும் அப்படித்தான். எத்தனை ரூபாய் என்று கேட்டவர்கள் நூறு பேர், எத்தனை வருஷம் என்று கேட்டவர் ஒருவர்.

மூன்றாவது வழி, பெரிய ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓராண்டு நீட்டிப்புக் கேட்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆஸ்டின் 2023இல் இதைத்தான் கேட்டது. பின்னணி கொஞ்சம் சிக்கலானது. 2018 ஒப்பந்தத்தில் பிறந்த மேற்பார்வை அலுவலகம் தன் எல்லையைத் தாண்டித் தானே விசாரணை நடத்துகிறது என்று சங்கம் முறையிட்டு, 2021 இறுதியில் நடுவரிடம் ஜெயித்தும் விட்டது. ஒப்பந்தத்தில் வாங்கியதை நடுவர் அறையில் இழந்துவிட்டோம் என்று கொதித்த சீர்திருத்த ஆதரவாளர்கள், கையெழுத்துத் திரட்டி, மேற்பார்வைக்கு ஒரு நகரச் சட்டத்தை 2023 மே மாத வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். இதற்கிடையே 2023 பிப்ரவரியில் மன்றம் நியமித்த நிர்வாகத் தலைவரான நகர மேலாளர் ஸ்பென்சர் கிராங்க் சங்கத்தோடு நான்காண்டு ஒப்பந்தம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டார். மக்கள் வாக்களிக்க மூன்று மாதம் இருக்கும்போது நான்கு வருஷத்துக்குக் கட்டிப்போடுவதா என்று மன்றம் கேட்டது. ஓராண்டு நீட்டிப்புப் போதும் என்றது. அதே மாதம் கிராங்க் வேலையையும் இழந்தார். ஐஸ் புயலில் நகரம் இருளில் மூழ்கியதைக் கையாண்ட விதம் அதற்குப் பெரிய காரணம், ஆனால் ஒப்பந்த விவகாரமும் அந்த நேரத்தில்தான் வெடித்திருந்தது.

சங்கம் ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கை குலுக்கிய பிறகு மேசையைக் கவிழ்க்கிறீர்கள் என்றது. அந்தக் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. பேச வந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்பது பேசி முடித்த பிறகு தெரிந்தால் எந்தச் சங்கத்துக்கும் அப்படித்தான் இருக்கும். 2023 மார்ச் கடைசியில் ஒப்பந்தம் காலாவதியானது. சேர்த்து வைத்த விடுப்புக்கான பணம் போய்விடுமோ என்ற பயத்தில் மூத்தவர்கள் பலர் ஓய்வுக்கு விண்ணப்பித்தார்கள். சம்பளமும் சலுகையும் தொடரும் என்று மன்றம் தனியாக ஒரு தீர்மானம் போட்டு அவர்களைப் பிடித்து வைக்கப் பார்த்தது.

இங்கேதான் 2017க்கும் 2023க்கும் உள்ள வித்தியாசம். 2017இல் ஊரில் ஆள் பற்றாக்குறை இந்த அளவுக்கு இல்லை. 2023இல் நூற்றுக்கணக்கான இடங்கள் காலி. மாநிலப் போலீஸ் வந்து ஆஸ்டின் தெருக்களில் ரோந்து போகும் நிலை. அதற்கு முன் 2020 ஆகஸ்டில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின் சூட்டில், மன்றம் போலீஸ் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 15 கோடி டாலரை, வெட்டுவதாகவும் வேறு துறைகளுக்கு மாற்றுவதாகவும் அறிவித்தது. அதற்குப் பதிலடியாக மாநிலச் சட்டமன்றம் 2021இல் பெரிய நகரங்கள் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் தண்டிக்கும் சட்டமே கொண்டுவந்தது. ஆக, 'காசைக் குறைப்போம்' என்ற மிரட்டல் நகரத்தின் கையிலிருந்து போயிற்று. ஆள் கிடைக்காத காலத்தில் வலி நகரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே ஊர், அதே சட்டம், ஆனால் மறுநாள் காலை வேறு.

நான்காவது வழி மக்களிடம் போவது. 2023 மே 6 அன்று ஆஸ்டின் வாக்காளர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்த மேற்பார்வைச் சட்டத்துக்கு ஆம் என்றார்கள். அதே வாக்குச்சீட்டில் கிட்டத்தட்ட அதே பெயரில் எதிரணி ஏற்றிய இன்னொரு மென்மையான சட்டத்தை ஓட ஓட விரட்டினார்கள். (நம்மூரில் சுயேச்சைகள் ஒரே பெயரில் நிற்பது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஆனால் வாக்கு விழுந்த மறுநாளே சட்டம் அமலாகிவிடவில்லை. 'ஜி கோப்பு' என்று ஒன்று உண்டு. தண்டனையில் முடியாத புகார்களின் விவரங்களைத் துறை தனியாக வைத்துக்கொள்ளும் ரகசியக் கோப்பு. மாநிலச் சட்டத்தில் அந்த உட்பிரிவின் எழுத்து ஜி என்பதால் அந்தப் பெயர். புதிய சட்டம் அந்தக் கோப்பு இனி கூடாது என்றது. அமல்படுத்தாமல் நகரம் இழுத்தடித்தது. சட்டத்தைக் கொண்டுவந்த குழு நீதிமன்றம் போனது.

வழக்கின் முடிச்சு ஒரே வினைச்சொல்லில் இருந்தது. மாநிலச் சட்டம், துறை அப்படியொரு கோப்பை வைத்திருக்கலாம் என்கிறது, வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வைத்திருக்கலாம் என்றால் வைக்காமலும் இருக்கலாமே! 2024 ஆகஸ்ட் இறுதியில் நீதிபதி, நகரம் ஜி கோப்பை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு மேசையின் கணக்கையே மாற்றியது. அதுவரை சங்கம் காசுக்கு விற்கக்கூடிய சரக்காக இருந்த ரகசியம், ஏற்கெனவே மக்கள் வாக்களித்து நீதிமன்றம் உறுதி செய்த விஷயமாகிவிட்டது. வாக்குச்சீட்டின் பலம் இதுதான்: போலீசை நேரடியாக அது மாற்றாது, சரக்குப் பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்துவிடும்.

எல்லா வாக்கெடுப்பும் இப்படி முடிவதில்லை. சான் அன்டோனியோவில் 2021 மே மாதம் போலீசின் கூட்டுப் பேர உரிமையையே எடுத்துவிடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நூலிழையில் தோற்றது. ஜெயித்திருந்தாலும் 143ஆம் அத்தியாயம் அப்படியே இருந்திருக்கும். தண்டனை விதிகள் பலவும் அதில்தான் இருக்கின்றன. கோடாலியை எடுத்தவர்கள் தப்பான மரத்தை வெட்டப் போனார்களோ என்பது என் சந்தேகம். ஆனால் நூலிழைத் தோல்வியும் ஒரு பலன் தந்தது. அடுத்த ஆண்டே வந்த ஒப்பந்தத்தில், தலைமை அதிகாரி வேலை நீக்கம் செய்தவரை நடுவர் திரும்பச் சேர்த்துவிடும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட சங்கம் இறங்கிவந்தது. கழுத்துக்கு மிக அருகே கத்தி வந்து போனதை யாரும் மறப்பதில்லை.

ஐந்தாவது, நடுவரிடம் விடுவது. இது பல ஊர்களில் தேர்வே இல்லை, கட்டாயம். இல்லினாய் மாநிலத்தில் போலீஸ் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பதற்கு ஈடாக, பேச்சு முறிந்தால் நடுவர் முடிவு செய்வார் என்று சட்டம் இருக்கிறது. சிகாகோவில் 2017 ஜூனில் முடிந்த ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது வந்தது 2021 செப்டம்பரில். எட்டாண்டு ஒப்பந்தம், 20 சதவீத உயர்வு. எட்டில் நான்கு ஆண்டு கையெழுத்துப் போடும்போதே கழிந்துபோயிருந்தது. அரியரே பெரும் தொகை. அதோடு முடியவில்லை. கடுமையான தண்டனை வழக்குகளைப் பொது விசாரணை நடத்தும் போலீஸ் வாரியத்துக்குப் பதிலாகத் தனி நடுவரிடம் கொண்டுபோக அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று 2023இல் ஒரு நடுவர் சொல்லிவிட்டார். நகர மன்றம் இரண்டு முறை நிராகரித்தது. 2024 மார்ச்சில் நீதிபதி, நடுவரிடம் போகலாம், ஆனால் கதவைத் திறந்து வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்று பாதி வழியில் நிறுத்தினார்.

நடுவர் முறையில் எனக்கு உள்ள பிரச்சினை, நடுவர் கெட்டவர் என்பதல்ல. நடுவர் இரண்டு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஆள். நாளைக்கும் இரண்டு தரப்பும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பார். அதனால் நடுவில் வெட்டுவார். சம்பளத்துக்கு அது நல்லது: நீ 3 கேள், நான் 7 கேட்கிறேன், 5இல் முடியட்டும். ஒரு அதிகாரி துப்பாக்கியால் சுட்டது சரியா தப்பா என்பதில் 5 என்ற இடமே கிடையாது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒரு ஊர் தண்டனை விவகாரத்தை மேசையிலிருந்தே எடுத்துவிட்டது. வாஷிங்டன் நகரம், 2020இல் அவசரச் சட்டமாகத் தொடங்கி, போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை நிர்வாகத்தின் உரிமை, அதைப் பற்றிப் பேரம் கிடையாது என்று சொன்னது. சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. அமெரிக்க நாடாளுமன்றம் 2023இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்யத் தீர்மானம் போட, அதிபர் பைடன் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தினார். சுத்தமான வழி, ஆனால் வாஷிங்டன் எந்த மாநிலத்துக்கும் உட்பட்டதல்ல, அங்கே நகர மன்றம்தான் மாநிலச் சட்டமன்றம் மாதிரியும். ஆஸ்டினுக்கோ சிகாகோவுக்கோ இந்த வழி திறக்க மாநிலத் தலைநகரில் பெரும்பான்மை வேண்டும்.

அப்படியானால் நான் மன்ற உறுப்பினராக இருந்தால் என்ன செய்வேன்?

வக்கீலிடம் முதலில் கேட்பது, காலாவதிக்குப் பிறகு எந்த விதி ஓடும் என்பது. பழைய ஒப்பந்தமே ஓடும் என்றால் திருப்பி அனுப்பும் வழியை மறந்துவிடுவேன். அந்த ஷரத்தின் ஆயுளைக் குறைப்பதற்குக் காசு கொடுப்பேன், சம்பளத்தில் ஒரு சதவீதம் கூடப் போனாலும் பரவாயில்லை. அது அடுத்த மன்றத்துக்கு நான் விட்டுப்போகும் ஆயுதம். மாநில விதி ஓடும் என்றால், ஒரே ஒருமுறை திருப்பி அனுப்புவேன், அதுவும் ஆள் பற்றாக்குறை இல்லாத காலத்தில், கையில் மூன்று நான்கு திட்டவட்டமான கோரிக்கைகளோடு. ஆஸ்டின் 2017இல் ஜெயித்ததற்கு அந்தக் குறுகிய பட்டியலும் ஒரு காரணம். சீர்திருத்தம் என்று பொதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு விற்க எதுவும் இருக்காது. நடுவர் ஓடும் என்றால் சம்பளத்தை நடுவரிடம் விட்டுவிட்டு, விசாரணையின் கதவு திறந்திருப்பதற்கு மட்டும் கடைசிவரை நிற்பேன். ஓராண்டு நீட்டிப்பு? அதை முன்கூட்டியே, பேச்சு தொடங்கும் முன்பே கேட்பேன். கை குலுக்கிய பிறகு கேட்க மாட்டேன்.

எதைச் செய்தாலும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருப்பேன். மேசைக்கு அனுப்பும் ஆளுக்கு எல்லையை எழுதிக் கொடுத்து அனுப்புவேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தெரியாமல் பேசப் போகிறவர் சமாதானத்தைத்தான் வாங்கி வருவார்.

ஆஸ்டினுக்குத் திரும்புவோம். 2024 அக்டோபர் 24 அன்று மன்றம் 10-1 என்ற கணக்கில் புதிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தை ஏற்றது. 21.8 கோடி டாலர். ஐந்தாண்டில் 28 சதவீத உயர்வு, முதல் ஆண்டிலேயே 8. ஜி கோப்பு போயிற்று, மேற்பார்வைக்கு இடம் வந்தது. சீர்திருத்த ஆதரவாளர்களும் போலீசும் ஒரே நாளில் திருப்தி என்று சொன்னது அபூர்வம். ஆனால் விலையைப் பாருங்கள்: 2017இல் கொடுக்க மறுத்த தொகையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். விலைவாசி ஏறியது, ஆள் பற்றாக்குறை, ஒன்றரை வருஷம் காத்திருந்த கோபம், எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் நகரம் சொத்து வரியைக் கூட்ட மக்களிடம் அனுமதி கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். பட்ஜெட்டை வெட்ட உட்கார்ந்தால் போலீஸ் சம்பள வரிசையில் கை வைக்க முடியாது, அது கையெழுத்தானது. பூங்காவிலும் சமூகநலத் திட்டங்களிலும்தான் தேட வேண்டும்.

இந்த ஒப்பந்தம் 2029இல் முடியும். ஆஸ்டினில் மேயர் தேர்தல் 2028 நவம்பரில். ஜெயித்து வருபவர் நாற்காலியில் உட்கார்ந்த அதே ஆண்டே அவர் முன்னால் இந்தக் கோப்பு வரும். மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்காரப் போகிறவர்களில் பலர் 2017இலும் 2023இலும் அதே துறையில் வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள்; யார் எப்போது எங்கே இறங்கிவந்தார்கள் என்பது அவர்களுக்குத் தேதி வாரியாக ஞாபகம் இருக்கும்.